தேங்காயெண்ணெயும் தலைப் பராமரிப்பும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு நீங்கள் இங்கே கூடியிருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமையை நாம் அறிவோம். ஆகவே, தொலைவிலுள்ள பொருளைப் பற்றிப் பேசாமல், உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். அதுதான் தேங்காயெண்ணெய்.

"பாட்டி காலத்திலிருந்து தேய்த்து வருகிறோம், இதில் புதிதாகக் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் எண்ணக்கூடும். தேய்த்து வருகிறோம் என்பது உண்மை. எதற்காகத் தேய்க்கிறோம், எதற்கு அது உதவும், எதற்கு உதவாது என்பதை நம்மில் பலர் ஆராய்ந்து பார்ப்பதில்லை. அதனால் விளையும் கேடுகள் சிறியவை அல்ல. முடி கொட்டுகிறது என்று விலையுயர்ந்த எண்ணெய்களை வாங்கி ஊதியத்தைக் கரைக்கும் தாய்மார் இருக்கின்றனர். அவர்களின் உண்மையான குறை இரத்தத்தில் இருக்கலாம். பேன் ஒழியட்டும் என்று பிள்ளையின் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றுவோர் உள்ளனர். பச்சிளங் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவோரும் உள்ளனர். நல்ல பொருளாயினும், அதன் அளவும் இடமும் அறிந்து பயன்படுத்தினால்தான் நன்மை உண்டாகும்.

முன்னோர் வழக்கம்

எண்ணெய் என்னும் சொல்லே எள்ளின் நெய் என்னும் பொருள் கொண்டது. தமிழகத்தில் நம் முன்னோர் எண்ணெய் முழுக்கிற்கு நல்லெண்ணெயையே சிறப்பாகக் கொண்டிருந்தனர். இன்றும் தீபாவளி விடியலில் வீட்டுப் பெரியவர் நம் உச்சந்தலையில் வைப்பது நல்லெண்ணெயே. இந்நாட்டுக்கு வந்தபின் கைக்கெட்டும் தொலைவில் கிடைத்தது தென்னை. லயத்து வீடுகளைச் சுற்றித் தென்னை நின்றது. பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னந்தோட்டங்களிலேயே வேலை செய்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. ஆகவே, அன்றாடத் தலைக்குத் தேங்காயெண்ணெய், திருநாளுக்கு நல்லெண்ணெய் என்னும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. நம்முடன் வாழும் மலாய்ப் பெண்மணிகளும் தலைமுறை தலைமுறையாகத் தேங்காயெண்ணெயைக் கூந்தலுக்குத் தேய்த்து வந்துள்ளனர். புவா கெராஸ் எனப்படும் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் பயன்படுத்தினர். சீனப் பெண்மணிகளிடையே தேயிலை இனத்துச் செடி ஒன்றின் விதையெண்ணெய் கூந்தலுக்கு உகந்ததாகப் போற்றப்பட்டது. மொழியும் சமயமும் வேறாயினும், தம் பிள்ளையின் தலையை வாரிவிட உட்காரும் தாயின் கையில் ஏதோ ஓர் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது.

முடியின் இயல்பு

எண்ணெயின் வேலையை அறிவதற்கு முன் முடியின் இயல்பை அறிதல் வேண்டும். மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பளவு நீண்ட பின்னலின் நுனி, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் தலையிலிருந்து முளைத்ததாகும். அத்தனை ஆண்டு வெயிலையும் மழையையும் வியர்வையையும் சவர்க்காரத்தையும் அது தாங்கி வந்திருக்கிறது.

முடியில் உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் வேர் மட்டுமே. வெளியே நாம் காணும் இழை கெராட்டின் என்னும் புரதத்தால் ஆன உயிரற்ற நார். அதன் மேற்புறத்தில் மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. அத்தாப்புக் கூரையில் ஓலைகள் படிந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஓலைகள் ஒழுங்காகப் படிந்திருக்கும்வரை மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. காற்று ஓலைகளைக் கிளப்பிவிட்டால் வீடு ஒழுகத் தொடங்குகிறது. முடியின் செதில்கள் கிளம்பினாலும் இந்நிலைதான். உள்ளிருக்கும் புரதம் கழன்று போகிறது. முடி சொரசொரப்பாகி, நுனி பிளந்து, சீப்பில் சிக்கி அறுகிறது.

வேருக்கு உணவு எங்கிருந்து வருகிறது? இரத்தத்தின் வழியாக வருகிறது. நீங்கள் மரம் வளர்ப்பவர்கள். உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. இலையைத் துடைத்து மினுக்கினால் மரம் உரம் பெற்றுவிடாது. உரம் வேரின் வழியே சேரவேண்டும். அவ்வாறே முடிக்கு உரம் நாம் உண்ணும் உணவு. எண்ணெய் வெளிக்காவல். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்துகொண்டால், இன்றைய பேச்சின் பாதியை நீங்கள் அறிந்துகொண்டீர்கள் என்றே கொள்ளலாம்.

எண்ணெய் செய்யும் வேலை

தலை நனையும்போது முடி நீரை உறிஞ்சிப் பருக்கிறது, உலரும்போது சுருங்குகிறது. இவ்வாறு பருத்தும் சுருங்கியும் வருவதால் செதில்கள் தளர்கின்றன. நாள்தோறும் வியர்வையிலும் மழையிலும் நனைந்து, வீடு திரும்பித் தலை குளிக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு இந்தத் தேய்மானம் அதிகம்.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலமாகும். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆகவே, அது முடியின் மேலே படிவதோடு நில்லாமல் இழைக்குள்ளும் புகவல்லது. உள்ளே புகுந்த எண்ணெய், நீர் அளவுக்கு மீறி இறங்குவதைத் தடுக்கிறது. இந்தியாவில் நடத்தப்பெற்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெய் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அவ்வாய்வைச் செய்தோர் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது முறையாகும். எனினும், காரணமும் விளைவும் பொருந்தி வருவதால், நம் பாட்டிமார் கைப்பழக்கத்தில் கண்ட உண்மையை அது உறுதி செய்கிறது எனக் கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. எண்ணெய் பூசிய முடி வழுக்கிச் செல்வதால் சீப்பில் சிக்குவது குறைகிறது. வறண்ட தலைத்தோலுக்கு அது மென்மை தருகிறது. இவையே எண்ணெயின் மெய்யான பயன்கள். எண்ணெய் தேய்த்தால் வழுக்கையில் முடி முளைக்கும், நரை கறுக்கும் என்பவற்றுக்குச் சான்று இல்லை. விளக்கெண்ணெயைப் பற்றியும் இவ்வாறே சொல்கின்றனர். அது கெட்டியானது, சிறிதளவு கலந்தால் முடிக்குப் பளபளப்புத் தரும், முடியை வளர்க்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

தேய்க்கும் முறை

எண்ணெய்யைக் குளித்தபின் தேய்ப்பதைவிடக் குளிப்பதற்கு முன் தேய்ப்பது மேலானது. முடி நீரில் பருக்குமுன் எண்ணெய் உள்ளே சென்றுவிட வேண்டும் என்பதே காரணம். வேலை முடிந்து வந்த பிற்பகல் இதற்கு ஏற்ற நேரம். காலையில் தலைநிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு மரத்தடிக்குச் சென்றால், பட்டைத்தூளும் புழுதியும் தலையில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் முடியைச் சிக்கெடுத்தல் வேண்டும். நீண்ட கூந்தலுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். ஆண்களுக்கும் சிறுவர்க்கும் அரைத் தேக்கரண்டி போதும். தலையிலிருந்து வழிந்து நெற்றிக்கு இறங்கும் எண்ணெய், முகப்பருவுக்கு வழி செய்யும். விரல் நுனியால், நகம் படாமல், மெல்லத் தேய்த்தல் வேண்டும். பின்பு முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவுக. காவல் மிகுதியாகத் தேவைப்படுவது பழைய நுனிக்கே. எண்ணெய்யைச் சூடேற்ற விரும்புவோர் கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும். அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்க விட்ட எண்ணெய் தலையையும் கையையும் சுட்டுவிடும்.

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊறியபின் தலையை அலசலாம். சீயக்காய்த்தூள் கிடைத்தால் நன்று. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்க. ஷாம்பு ஆயினும் தீங்கில்லை. துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தை மட்டும் தலையில் தேய்க்கவேண்டா. அதன் காரம் முடியின் செதில்களைக் கிளப்பிவிடும். எண்ணெய் செய்த நன்மையெல்லாம் ஒரே அலசலில் போய்விடும். வாரத்திற்கு ஒருமுறை அல்லது இருமுறை இவ்வாறு செய்தால் போதுமானது.

பொடுகு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தலை வறண்டதனால் பொடுகு வந்தது என்று எண்ணி மேலும் மேலும் எண்ணெய் வைக்கிறோம். பொடுகு பெரும்பாலும் தலைத்தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சையோடு தொடர்புடையது. அப்பூஞ்சை தலையின் கொழுப்பையே உண்டு பெருகும். நாள்கணக்கில் எண்ணெய்யைத் தலையில் தங்கவிட்டால் அரிப்பும் செதிலும் மிகும். இத்தகையோர் எண்ணெய்யைக் குறைத்து, பொடுகுக்கான மருந்து ஷாம்புவைப் பயன்படுத்துவதே முறை.

தோட்ட வேலையில் நேரும் இரு நிகழ்ச்சிகளையும் இங்கே சொல்லவேண்டும். பால் தெறித்து முடியில் உறைந்துவிட்டால், சிலர் கத்தரிக்கோலை எடுத்துவிடுகின்றனர். எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உருவிப் பாருங்கள். பெரும்பகுதி முடி தப்பும். ஆனால், பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் தலையிலோ முகத்திலோ பட்டுவிட்டால் எண்ணெய்ப் போத்தலைத் தொடவே கூடாது. உடனே ஓடும் நீரால் இருபது நிமிடமாவது நன்கு கழுவி, மருத்துவரிடம் செல்லவேண்டும்.

எண்ணெய் காய்ச்சலும் வாங்கலும்

வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சும் பழக்கம் அருகி வருகிறது. தென்னை உள்ள வீடுகளில் அதை விட்டுவிட வேண்டா. நன்கு முற்றிய காய்களைத் துருவி, இளஞ்சூடான நீர் சேர்த்துப் பிழிந்து பால் எடுக்கவேண்டும். அதை ஓர் இரவு மூடி வைத்தால் கட்டிப்பால் மேலே மிதக்கும். அதை மட்டும் எடுத்து அடிகனமான பாத்திரத்தில் இட்டு, இளந்தீயில் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். நீர் வற்றி, கசடு பொன்னிறமாகி அடியில் படிந்து, சலசலக்கும் ஓசை அடங்கியதும் இறக்கி வடிகட்டலாம். கசடு கருகும்வரை விட்டால் எண்ணெயின் நிறமும் மணமும் கெடும். காயின் பருமனையும் பிழியும் கையையும் பொறுத்து, ஒரு போத்தல் எண்ணெய்க்குப் பத்துக் காய்கள் வரை வேண்டியிருக்கும்.

எண்ணெயில் நீர்ப்பசை எஞ்சியிருந்தால் விரைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். ஆகவே போத்தல் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் கையை உள்ளே விடக்கூடாது. வெயில் படும் சன்னலோரத்தில் வைக்கக்கூடாது. சிக்கடித்த எண்ணெய் தலைத்தோலை உறுத்தும். அதை விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடையில் வாங்குவோர் போத்தலின் படத்தைப் பார்த்து மயங்காமல், உட்பொருள் பட்டியலைப் படிக்கவேண்டும். தென்னை மரமும் நீண்ட கூந்தலும் அச்சிட்ட சில போத்தல்களில் பெரும்பகுதி லிக்விட் பாரஃபின் எனப்படும் கனிம எண்ணெயாக இருக்கும். அது நஞ்சன்று, மினுமினுப்பும் தரும். எனினும் தேங்காயெண்ணெயைப் போல இழைக்குள் புகுவதில்லை. தேங்காயெண்ணெய்யின் விலையை அதற்குக் கொடுப்பானேன்? தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். அதனால்தான் நம் தாழ்நிலங்களில் அது நீர்போல் இருக்கிறது. கேமரன் மலையில் கட்டியாகிறது. குளிர்ப்பெட்டியில் சிறு கிண்ணத்தில் வைத்துப் பார்த்தால், உறையாத பகுதி வேறு எண்ணெய் என்று அறியலாம். முழுதும் உறைந்துவிட்டாலும் கலப்பே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. செம்பனை விதையின் பருப்பெண்ணெயும் உறையக்கூடியதே; அதிலும் லாரிக் அமிலம் நிறைய உண்டு.

மேலும், இந்நாட்டில் விற்கப்படும் அழகுப் பொருள் எதுவாயினும், சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்திற்கு அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். முகவரியும் அறிவிப்பு எண்ணும் இல்லாத போத்தலை, "முப்பது நாளில் முழங்கால் வரை முடி" என்று சொல்லிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து ஒருவர் விற்றால், உங்கள் வெள்ளியை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதை முன்பே கண்டோம்.

பேனும் மண்ணெண்ணெயும்

அடுத்து, பிள்ளைகளின் படிப்பையே பாதிக்கும் ஒன்றைப் பேசவேண்டும். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், தலையில் பேன் உண்டு என்பதற்காகக் கடைசிப் பலகையில் தனியே அமர்த்தப்பட்ட சிறுமியரை நாம் கண்டதுண்டு. இரவெல்லாம் சொறிந்து உறக்கம் கெட்ட பிள்ளை பகலில் பாடத்தைக் கவனிப்பதெங்கே? தோழியர் சிரிப்புக்கு அஞ்சிப் பள்ளிக்கே வர மறுத்தோரும் உண்டு. பேன் அழுக்கின் அடையாளம் அன்று. அன்றாடம் குளிக்கும் தலையிலும் அது வாழும். அது பறப்பதில்லை, தாவுவதில்லை. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்கிறது. ஒன்றாக விளையாடி, ஒரே பாயில் உறங்கும் பிள்ளைகளிடையே பரவுவதில் வியப்பில்லை.

பேனைக் கொல்ல மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கத்தை இன்றோடு கைவிட வேண்டுகிறோம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். அடுப்பங்கரையில் ஒரு தீப்பொறி பட்டால் பிள்ளையின் தலையே பற்றி எரியும். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இதனினும் கொடியவை. தோட்டத்துக்கு உரிய மருந்து எதுவும் தலைக்கு வரக்கூடாது.

தேங்காயெண்ணெய் இங்கே துணை செய்யும். எண்ணெய் மட்டும் பேனை முழுதும் கொன்றுவிடும் என்று நம்புதல் கூடாது. மூச்சடைத்தாற்போல் கிடந்து, பின்பு மீண்டும் ஊரும் பேன்கள் உண்டு. எண்ணெயில் நனைந்த பேன் விரைந்து ஓட முடியாது. சீப்பும் வழுக்கிச் செல்லும். ஆகவே எண்ணெய்யைத் தாராளமாகத் தடவி, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நெருங்கிய பற்களுள்ள பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரவேண்டும். ஒவ்வொரு வாரலுக்கும் பின் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒருநாள் வாரிவிட்டு நிறுத்தினால், மிஞ்சிய ஈர்கள் பொரித்து மீண்டும் தலை நிறையும். நான்கு நாளுக்கு ஒருமுறையாக, இரண்டு வாரத்தில் நான்கு முறை வாரவேண்டும். வீட்டிலுள்ள அனைவர் தலையையும் அதே நாளில் பார்க்கவேண்டும். லயத்து வீடுகள் அடுத்தடுத்து இருக்குமானால் அண்டை வீட்டாரும் சேர்ந்து செய்வது இன்னும் நன்று. அதற்கும் அடங்காவிடில் சுகாதார நிலையத்தில் உரிய மருந்து கேட்டுப் பெறலாம். பெண் பிள்ளையின் தலையை மழிக்க வேண்டிய தேவையே இல்லை.

தலையில் வட்டமாக முடி உதிர்ந்து, செதில் படிந்து, கருப்புப் புள்ளிகள்போல் முடி முறிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் மருந்தாகாது. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து தேவை. நாள் கடத்தினால் அவ்விடத்தில் முடி முளைக்காமலே போகக்கூடும். மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும்.

பச்சிளங் குழந்தைகள்

தாய்மார்களே, இந்தப் பகுதியை மிகுந்த கவனத்தோடு கேட்க வேண்டுகிறோம். பிறந்த சில வாரங்களில் குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சள் நிறப் பொருக்குப் படிவதுண்டு. அதைக் கண்டு அஞ்சவேண்டா. சிறிது எண்ணெய் தடவி, பொருக்கு இளகியதும், மென்மையான துணியால் துடைத்து, குழந்தைக்குரிய சவர்க்காரத்தால் கழுவிவிடுங்கள். நகத்தால் சுரண்டக் கூடாது.

ஆனால், குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் வாயிலும் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. சளி வெளியேறும் என்பது அவர்கள் நம்பிக்கை. மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் தங்கிவிடக்கூடும். நீர் புகுந்தால் வருவதுபோல் இருமல்கூட வராது, ஓசையின்றி இறங்கும். அது ஒருவகை நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். குழந்தையின் உயிருக்கே ஊறு நேரலாம். வீட்டிலுள்ள மூத்தோர் அன்பினாலேயே இதைச் செய்கின்றனர். அவர்களை எதிர்த்துப் பேசாமல், "அத்தை, தலைக்கும் உடம்புக்கும் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், மூக்குக்கு மட்டும் வேண்டா என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அத்தையின் கைப்பக்குவமும் நிலைக்கும், குழந்தையும் காக்கப்படும்.

முடி உதிர்வது எதனால்?

நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடியைக் கண்டதும் கலங்கவேண்டா. பிள்ளை பெற்ற சில மாதங்களில் முடி கொத்தாக உதிரும். கடுங்காய்ச்சல் கண்டவருக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து அவ்வாறு உதிரும். பெரும்பாலும் தானே நின்று மீண்டும் வளரும். மிக இறுக்கமாகப் பின்னி முடிவதாலும் நெற்றியோரத்து முடி உதிர்வதுண்டு. பள்ளிச் சிறுமியருக்குப் பின்னலைச் சற்றே தளர்த்துவது நலம்.

ஆயினும், மாதக்கணக்கில் முடி உதிர்ந்துகொண்டே இருந்து, அதனோடு களைப்பும், சிறு மேட்டில் ஏறினாலே மூச்சிரைப்பும், தலைச்சுற்றலும் இருந்தால், கண்ணாடி முன் நின்று கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவந்திராமல் வெளுத்திருந்தால் இரத்தசோகை இருக்கலாம். இமை வெளுக்காவிட்டாலும் இந்த அறிகுறிகள் இருந்தால் சோதித்துப் பார்ப்பதே நலம். மாதவிலக்கினாலும் மகப்பேற்றினாலும் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைகிறது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் உடலில் புகும் கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. இத்தகைய தாய் விலையுயர்ந்த எண்ணெய்யை வாங்கித் தேய்ப்பதனால் நோய் மறைந்து நிற்கிறதே அன்றித் தீர்வதில்லை. அவர் செல்லவேண்டிய இடம் அரசாங்கச் சுகாதார நிலையம். அங்கே இரத்தத்தைச் சோதித்து, தேவையானால் இரும்புச்சத்து மாத்திரையும் புழு மருந்தும் தருவார்கள். அம்மாத்திரைகளைப் பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வைக்கவேண்டும். இனிப்பு என்று எண்ணிப் பல மாத்திரைகளை விழுங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து.

உணவிலும் கவனம் வேண்டும். ஈரல், இறைச்சி, மீன், நெத்திலி, முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றை இயன்றவரை சேர்த்துக்கொள்க. சோற்றோடு எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைச் சேர்த்தால் உடல் இரும்புச்சத்தை நன்கு ஏற்கும். உணவோடு சேர்த்தே தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பணச்செலவு எதுவுமின்றி ஒரு நன்மை கிடைக்கும். வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே தாயின் கடமை என்னும் எண்ணத்தை ஆண்மக்கள் மாற்றவேண்டும். மனைவியின் முடி உதிர்வதைக் கண்டு எண்ணெய் வாங்கித் தரும் கணவர், அதே காசில் மீனும் கீரையும் வாங்கி, அவர் தட்டில் முதலில் இட்டால், வேருக்கு உரமிட்டவர் ஆவார்.

நிறைவாக

பெரியோர்களே, தாய்மார்களே! தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. பல குடும்பங்கள் பட்டணம் சென்றுவிட்டன. பிள்ளைகள் புதிய பழக்கங்களைக் கற்றுவருகின்றனர். தலைக்கு எண்ணெய் வைப்பது நாகரிகமன்று என்று எண்ணும் இளையோரும் உள்ளனர். எண்ணெய் வழிய வழியத் தெருவில் செல்ல வேண்டியதில்லை. குளிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் வைத்து அலசிவிட்டால், எவர் கண்ணுக்கும் தெரியாமல் அது தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.

நாம் சொன்னவற்றைச் சுருங்கச் சொல்லி முடிக்கிறோம். எண்ணெய் முடிக்குக் காவல், உணவே உரம். குளிக்குமுன், அளவாக, வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை போதும். குழந்தையின் மூக்கிலும் காதிலும் வாயிலும் ஒரு துளியும் வேண்டா. பேனுக்குச் சீப்பும் பொறுமையும். மண்ணெண்ணெய் ஒருபோதும் வேண்டா. ஓயாமல் உதிரும் முடிக்கு விடை போத்தலில் இல்லை. சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வாரத்தில் ஒருநாள் பிற்பகல், வாசற்படியில் பிள்ளையை உட்காரவைத்து எண்ணெய் தேய்க்கும் அந்த அரை மணி நேரத்தில், அதன் தலையை மட்டும் பார்க்கவேண்டா. பள்ளியில் என்ன படித்தாய், யாரோடு விளையாடினாய், எதற்கு முகம் வாடியிருக்கிறாய் என்று கேளுங்கள். உண்மையைச் சொல்லப் பிள்ளைகளுக்கு அதைவிட ஏற்ற நேரம் வாய்ப்பதரிது. அந்த அரை மணி நேரத்தை எந்தத் தாயும் தந்தையும் இழந்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.